சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

இரண்டு ஊர்களுக்கு இடையிலான வான்வழித் தொலைவு என்று அட்டவணைகளில் அச்சாகும் எண், அவ்வூர்களுக்கிடையே விமானம் உண்மையில் பறந்து செல்லும் பாதையின் நீளம் அன்று. பயணி வழியில் செலவிடும் நேரத்தை அளந்து காட்டும் கோலும் அன்று. பூமியின் வடிவத்தையும் இரு இடங்களின் அகலாங்கு, நெட்டாங்குகளையும் வைத்துக்கொண்டு போடப்படும் வடிவியல் கணக்கின் விடையே அது. கணக்கு பிழையற்றதாக இருக்கலாம். ஆனால் அந்த விடையைப் பயணத்தோடு பொருத்திப் பார்க்கும்போதுதான் காற்று, எரிபொருள், கடிகாரம், படகுத்துறை, காட்டுச்சாலை ஆகிய பிற காரணங்கள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைகின்றன. தமிழகத்தோடு நெடுங்கால உறவு கொண்டதும், 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களில் 15 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டோர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டதுமான அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் சென்னைக்கும் இடையிலான தொலைவை முன்வைத்து, இவ்விரு அளவுகளும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பதை ஆராய்வது இவ்வுரையின் நோக்கம்.

முதலில் கணக்கைக் காண்போம். சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் ஏறக்குறைய வடக்கு அகலாங்கு 12 பாகை 59 கலையிலும் கிழக்கு நெட்டாங்கு 80 பாகை 10 கலையிலும் அமைந்திருக்கிறது. தீவுகளின் தலைநகரில், அதாவது போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற நகரில், உள்ள வீர சாவர்க்கர் பன்னாட்டு விமான நிலையம் வடக்கு அகலாங்கு 11 பாகை 38 கலையிலும் கிழக்கு நெட்டாங்கு 92 பாகை 44 கலையிலும் அமைந்திருக்கிறது. பூமியை 6371 கி.மீ. ஆரமுடைய கோளமாகக் கொண்டு, இவ்விரு புள்ளிகளையும் பூமியின் மையத்தையும் ஒருசேரத் தொடும் தளத்தால் கோளத்தை வெட்டினால் கிடைக்கும் வட்டம் பெருவட்டம் எனப்படும். அவ்வட்டத்தின் பரப்பில் இரு புள்ளிகளையும் இணைக்கும் சிறிய வில்லே அவற்றுக்கிடையிலான மிகக் குறுகிய வழி. அதன் நீளம் இங்கே ஏறக்குறைய 1370 கி.மீ. பூமி முழுக்கோளமன்று, நடுவில் சற்றுப் புடைத்துத் துருவங்களில் தட்டையானது என்பதைக் கணக்கில் சேர்த்தாலும், இந்த எண்ணில் இரண்டு கிலோமீட்டர் அளவே கூடும்.

பூமியின் இந்தத் தட்டை வடிவத்தை இந்திய நிலத்தில் அளந்தறியும் பெருமுயற்சி, சென்னையிலிருந்து விமானம் மேலெழும் இடத்துக்கு மிக அருகிலேயே தொடங்கியது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன், பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை சுமார் 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். அந்தக் கோட்டின் மீது முக்கோணங்களை அடுக்கடுக்காக எழுப்பிச் சென்ற பெரும் முக்கோண அளவை, பிற்காலத்தில் ஜார்ஜ் எவரெஸ்டின் பொறுப்பில் இமயம் வரை நீண்டது. அதிலிருந்து 1830இல் வகுக்கப்பட்ட எவரெஸ்ட் நீள்கோளம் இந்திய நிலப்படங்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அடிப்படையாக இருந்தது. இன்றைய விமானங்கள் செயற்கைக்கோள் வழியே தம் இடத்தை அறிந்துகொள்கின்றன என்றாலும், இரு ஊர்களுக்கிடையே எவ்வளவு தொலைவு என்னும் கேள்விக்கு விடை சொல்லப் பூமியின் வடிவத்தை முதலில் அறிந்தாக வேண்டும் என்னும் முறை, பரங்கிமலையடிவாரத்தில் சங்கிலி இழுத்தவர்கள் கைக்கொண்ட அதே முறைதான்.

பெருவட்டப் பாதைக்கு மாற்றாக, திசைகாட்டியில் ஒரே திசையை மாற்றாமல் பிடித்துச் செல்லும் பாதையும் உண்டு. மாறாத்திசைப் பாதை என்று அதனைச் சொல்லலாம். சுவரில் தொங்கும் மெர்கேட்டர் வகை உலகப்படத்தில் நேர்க்கோடாகத் தெரிவது இந்தப் பாதையே. பெருவட்டமோ அதில் வளைந்து தெரியும். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே இவ்விரண்டின் வேறுபாடு கால் கிலோமீட்டருக்கும் குறைவு. நிலநடுக்கோட்டுக்கு அருகே ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்காகச் செல்லும் வழி இது என்பதே காரணம். சென்னையிலிருந்து லண்டனுக்குச் செல்லும் வழியில் இந்த வேறுபாடு பெரிதாகிவிடுகிறது: பெருவட்டத்தின்படி 8230 கி.மீ. அளவாக இருக்கும் தொலைவு, மாறாத்திசைப் பாதையில் ஏறக்குறைய 8480 கி.மீ. ஆகிறது. நெடுந்தொலைவு விமானங்கள் உலகப்படத்தில் தேவையின்றி வடக்கே வளைந்து செல்வதாகப் பயணிகளுக்குத் தோன்றுவது இதனாலேயே. வளைவு படத்தில்தான் இருக்கிறது, வழியில் இல்லை.

இந்த 1370 கி.மீ. என்றும் மாறாத அளவும் அன்று என்பதை 2004 டிசம்பர் 26ஆம் நாள் காட்டியது. சுமத்ரா முதல் அந்தமான் வரை நீண்ட கடலடிப் பிளவில் நேர்ந்த பெருநிலநடுக்கத்தில், தீவுகள் சில மீட்டர் அளவுக்குத் தென்மேற்குப் போக்கில் நகர்ந்தன. போர்ட் பிளேரில் இந்த நகர்வு ஏறக்குறைய 3 மீட்டர் என்றும், நிலம் ஒரு மீட்டர் அளவு தாழ்ந்தது என்றும் செயற்கைக்கோள் அளவீடுகள் தெரிவித்தன. தென்மேற்காக நகர்ந்ததால் தீவின் தலைநகர் சில நிமிடங்களுக்குள் சென்னைக்குச் சற்றே நெருங்கி வந்துவிட்டது. விமானப் பயணத்துக்கு இது ஒரு பொருட்டன்று. நிலநூலார்க்கு அது பெரிய செய்தி.

இனி நேரம். இவ்வழியில் பறக்கும் ஏர்பஸ் ஏ320 வகை விமானம் பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு ஏறக்குறைய 830 கி.மீ. வேகத்தில் செல்லும். தொலைவை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் ஒரு மணி 40 நிமிடத்துக்குள் முடிந்துவிட வேண்டும். ஆனால் விமான நிறுவனங்களின் அட்டவணைகளில் காணப்படுவது இரண்டு மணி 5 நிமிடம் முதல் இரண்டே கால் மணிக்குச் சற்று மேல் வரை. இவ்வேறுபாட்டின் காரணம் அட்டவணை நேரம் எதைக் குறிக்கிறது என்பதில் இருக்கிறது. விமானத்துறையினர் பிளாக் டைம் என்று குறிப்பிடும் நேரம், புறப்படும் இடத்தில் சக்கரங்களின் முன் வைத்த தடைக்கட்டைகள் அகற்றப்பட்ட கணத்திலிருந்து, சேருமிடத்தில் அவை மீண்டும் வைக்கப்படும் கணம் வரை கணக்கிடப்படுகிறது. ஓடுபாதையை நோக்கித் தரையில் ஊர்வதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம், உயரத்தை எட்டுவதற்கு இருபது நிமிடத்துக்கு மேல், இறங்குமுகத்தில் அதே அளவு அல்லது அதற்கும் கூடுதல், தரையிறங்கிய பின் நிறுத்துமிடத்தை அடைய ஐந்து நிமிடம் என்று இவையெல்லாம் அதில் அடங்கும். முழு வேகத்தில் பறப்பது நடுவிலுள்ள 950 அல்லது 1000 கி.மீ. மட்டுமே, அதற்கு ஆகும் நேரம் 70 நிமிடம் அளவு.

இரண்டே கால் மணியில் 1370 கி.மீ. என்றால் சராசரி வேகம் மணிக்கு 610 கி.மீ. அளவு. ஏறவும் இறங்கவும் ஆகும் நேரம் எல்லாப் பயணங்களுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், தொலைவு குறையக் குறையச் சராசரி வேகமும் குறைகிறது: சென்னைக்கும் மதுரைக்கும் வான்வழித் தொலைவு சுமார் 420 கி.மீ.தான் என்றாலும் அட்டவணை ஒன்றே கால் மணி காட்டுகிறது, அங்கே சராசரி வேகம் மணிக்கு 330 கி.மீ. அளவே. பதினொரு மணி நேரத்துக்குள் லண்டன் சேரும் விமானத்தின் சராசரி வேகமோ மணிக்கு 750 கி.மீ.ஐத் தாண்டுகிறது. ஆகவே ஒரு வழியின் நேரத்தை வைத்து மற்றொரு வழியின் நேரத்தை நேர்விகிதத்தில் கணக்கிடுவோர் எப்போதும் தவறுவர். மூன்றில் ஒரு பங்கு தொலைவுக்கு மூன்றில் ஒரு பங்கு நேரம் என்பது வானில் செல்லாது.

நேரத்தை மாற்றும் மற்றொரு காரணம் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடல்மட்டத்தில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசி வங்கக்கடலைக் கடந்து தீவுகளை நோக்கிச் செல்கிறது; ஆனால் அதே மாதங்களில் பல கிலோமீட்டர் உயரத்தில் காற்று அதற்கு நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்காகப் பாய்கிறது. பதினான்கு முதல் பதினாறு கிலோமீட்டர் உயரத்தில் மிக வலுவாகவும், விமானங்கள் பறக்கும் உயரத்தில் அதைவிடச் சற்றுத் தணிந்தும் வீசும் இந்த மேலடுக்குக் காற்றோட்டம் வெப்பமண்டலக் கீழைத்தாரை எனப்படுகிறது. கோடைக்காலத்தில் திபெத்திய மேட்டுநிலமும் ஆசியப் பெருநிலமும் சூடாகி, வடக்கே மேலடுக்குக் காற்று தெற்கே கடலின் மேலுள்ள காற்றைவிட வெப்பம் மிக்கதாக ஆவதால் இது உருவாகிறது. இதனை இனங்கண்டு 1950களில் விரிவாக ஆராய்ந்து நிறுவியவர் இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோட்டீஸ்வரம். இத்தாரையின் நடுவரை பெரும்பாலும் சென்னையின் அகலாங்குக்கு அருகிலேயே செல்வதால், அந்தமான் விமானங்கள் அதன் ஆட்சிக்கு நேரடியாக உட்படுகின்றன. எதிர்க்காற்று மணிக்கு 60 கி.மீ. என்று கொண்டு, வழி முழுவதையும் மணிக்கு 830 கி.மீ. வேகத்தில் கடப்பதாகக் கணக்கிட்டால், போகும்போது 107 நிமிடமும் வரும்போது 92 நிமிடமும் ஆகும். ஒரே தொலைவு, ஒரே விமானம், கால் மணி நேர வேறுபாடு. ஆடி மாதத்தில் கீழே கப்பலைத் தீவை நோக்கித் தள்ளும் பருவமழைக்காலம், மேலே விமானத்தைச் சென்னையை நோக்கித் தள்ளுகிறது என்பது இவ்வழிக்கே உரிய விந்தை.

தொலைவோடு எரிபொருளும் கணக்கில் வருகிறது. எந்த விமானமும் சேருமிடத்தை அடையப் போதுமான எரிபொருளோடு மட்டும் புறப்படுவதில்லை. சேருமிடத்தில் இறங்க முடியாமற்போனால் மாற்று நிலையம் ஒன்றை அடையவும், அங்கே சிறிது நேரம் வட்டமிடவும் தேவையானதையும் சுமந்தாக வேண்டும். மதுரைக்குச் செல்லும் விமானத்துக்குத் திருச்சியோ கோவையோ தூத்துக்குடியோ அருகிலேயே இருக்கின்றன. போர்ட் பிளேரைச் சுற்றியோ கடல். பெரிய பயணிகள் விமானம் இறங்கத்தக்க பொதுநிலையம் தீவுகளில் அது ஒன்றே, அதுவும் கடற்படையின் ஐ.என்.எஸ். உத்க்ரோஷ் தளத்தோடு ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்வது. மோசமான வானிலையில் போர்ட் பிளேர் வரை சென்று இறங்க முடியாமல் விமானங்கள் மீண்டும் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ திரும்பியதுண்டு; அப்படித் திரும்பும் பயணி ஏறக்குறைய 2700 கி.மீ. பறந்தும் புறப்பட்ட இடத்திலேயே நிற்பார். நாட்டில் பருவமழை முதலில் தொடுவது அந்தமான் கடலை என்பதால், மே மாதத்தின் பிற்பகுதி முதலே இந்த இடர் உண்டு.

இரட்டை எஞ்சின் விமானங்களுக்கான பழைய விதியொன்று இவ்வழியின் நீளத்தோடு சுவையாகப் பொருந்துகிறது. ஓர் எஞ்சின் நின்றுபோனால் மற்றொன்றின் துணையோடு 60 நிமிடத்துக்குள் ஏதேனும் நிலையத்தை அடையக்கூடிய எல்லைக்குள்ளேயே பறக்க வேண்டும், அதற்கு மேல் செல்லச் சிறப்பு அனுமதி பெற வேண்டும் என்பது அவ்விதி. ஏ320 ஒற்றை எஞ்சினில் ஒரு மணி நேரத்தில் 700 கி.மீ.க்குச் சற்று மேல் கடக்கும் எனக் கொண்டால், சென்னை-போர்ட் பிளேர் வழியின் நட்டநடுப்புள்ளி இரு கரைகளிலிருந்தும் 685 கி.மீ.; மயிரிழையில் எல்லைக்குள் அமைந்துவிடுகிறது.

கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். லண்டனுக்குச் செல்லும் பயணி கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறார். அந்தமானுக்குச் செல்பவர் திருத்துவதில்லை. 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் திட்ட நேரம், கிழக்கு நெட்டாங்கு 82½ பாகையை, அதாவது உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரை ஒட்டிச் செல்லும் கோட்டை, அடிப்படையாகக் கொண்டது. அதற்கு முன்பு இரயில்வே நிர்வாகங்கள் பின்பற்றியது நுங்கம்பாக்கம் வானாய்வகத்தைச் சார்ந்த சென்னை நேரம். அது கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் இருந்தது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில், சூரியன் சென்னையில் திட்ட நேரத்துக்கு 9 நிமிடம் பிந்தியும் போர்ட் பிளேரில் 41 நிமிடம் முந்தியும் உச்சிக்கு வருகிறது. ஆக இரு ஊர்களின் சூரிய நேரத்துக்கும் இடையே 50 நிமிடம். டிசம்பர் மாதத்தில் சென்னையில் பொழுது சாய ஐந்தே முக்கால் மணி ஆகும். போர்ட் பிளேரில் ஐந்து மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். அம்மாதத்தில் பிற்பகல் இரண்டரை மணிக்குச் சென்னையிலிருந்து புறப்படும் விமானம், கடிகாரப்படி நான்கே முக்கால் மணிக்குச் சேர்ந்தாலும் கண்ணுக்கு அது அந்திவேளை. கிழக்கு நோக்கிச் செல்லும் பயணி கடிகாரத்தில் இழக்காத 50 நிமிடப் பகலை வெளிச்சத்தில் இழக்கிறார்.

இதுவரை சொன்னவையெல்லாம் நிலையத்திலிருந்து நிலையம் வரையிலான பயணத்தைப் பற்றியவை. ஆனால் தீவுவாசிகள் அனைவரும் தலைநகரில் வாழ்வதில்லை. குட்வில் எஸ்டேட் என்னும் பெயரில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் ஊர்ப்பட்டியலில் இடம்பெறும் சிற்றூரைப் போன்ற ஓர் இடத்தை எடுத்துக்கொண்டால், கணினி அட்டவணை அதற்கும் சென்னைக்கும் இடையே, லண்டனுக்கும் இடையே, எந்த ஊருக்கும் இடையே நொடியில் ஒரு பெருவட்டத் தொலைவைக் கணக்கிட்டுத் தந்து, அதை விமான வேகத்தால் வகுத்துப் பறக்கும் நேரம் என்றும் போட்டுவிடும். அந்த ஊரில் விமானம் ஏற முடியாது என்பது அட்டவணைக்குத் தெரியாது. இத்தகைய எண்களை இயந்திரம் போட்ட கணக்கு என்பதற்கு மேல் மதிப்பது பிழை. அவை வழியைச் சொல்வதில்லை, வழியே இல்லாத இடத்திலும் நேரம் சொல்கின்றன.

வழியைச் சொல்ல வேண்டுமானால் வடக்கு அந்தமானிலுள்ள திக்லிப்பூரை எடுத்துக்கொள்ளலாம். போர்ட் பிளேரிலிருந்து அதன் நேர்த்தொலைவு 180 கி.மீ. அளவே. ஆனால் அந்தமான் பெருஞ்சாலை வழியே அது 300 கி.மீ.க்கு மேற்பட்ட பயணம். பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். ஜார்வா பழங்குடியினரின் காப்பகத்தின் ஊடே செல்லும் பகுதியில் வண்டிகள் தனித்தனியே செல்லக்கூடாது. ஜிர்காடாங் சோதனைச்சாவடியில் காத்திருந்து, குறித்த நேரங்களில் காவலோடு புறப்படும் கன்வாயில் வரிசையாகவே செல்ல வேண்டும். மிடில் ஸ்ட்ரெய்ட் ஜெட்டியில் பேருந்தும் பயணிகளும் ஃபெர்ரியில் ஏறி நீரிணையைக் கடக்க வேண்டும். அதற்கு அப்பாலுள்ள ஹம்ப்ரி நீரிணையில் பாலம் கட்டப்பட்டுவிட்டதால் ஒரு ஃபெர்ரி குறைந்தது. திக்லிப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் ஒருவர், 180 கி.மீ.க்குப் பன்னிரண்டு மணியும் 1370 கி.மீ.க்கு இரண்டே கால் மணியும் செலவிடுகிறார். விமானம் காலையில் புறப்படுவதாயின் முந்திய இரவைத் தலைநகரில் கழித்தாக வேண்டும். தெற்கே செல்வோரின் நிலை இதனினும் கடினம். 1964ஆம் ஆண்டு சாஸ்திரி-சிறிமாவோ உடன்படிக்கைக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர் சிலர் ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியமர்த்தப்பட்ட கச்சால் தீவு, போர்ட் பிளேருக்குத் தெற்கே நேர்த்தொலைவில் 400 கி.மீ.க்கு அப்பால் இருக்கிறது; பெரிய நிக்கோபாரின் கேம்பல் பே ஏறக்குறைய 535 கி.மீ. தீவுகளிடைக் கப்பலும், இடங்கள் குறைந்த ஹெலிகாப்டருமே அங்கிருந்து வெளியேற வழி. கடல் கொந்தளித்தால் இரண்டும் நின்றுபோகும். அவர்களுக்குச் சென்னை எவ்வளவு தொலைவு என்பதற்கு விடை கப்பல் என்று வரும் என்பதைப் பொறுத்தது.

இணைப்பு இருக்கிறதா என்பதே தொலைவை முடிவு செய்கிறது என்பதற்குக் கிழக்குத் திசை மேலும் தெளிவான சான்று. போர்ட் பிளேரிலிருந்து யாங்கூன் 690 கி.மீ., புக்கெட் 730 கி.மீ., பாங்காக் 900 கி.மீ.; கொல்கத்தா 1306 கி.மீ., தில்லி ஏறக்குறைய 2480 கி.மீ. அயல்நாட்டு நகரங்களே அருகில் இருந்தும், தீவுகளின் போக்குவரத்து முழுவதும் மேற்கே தாய்நாட்டை நோக்கியே அமைந்தது. கோலாலம்பூர் போர்ட் பிளேரிலிருந்து ஏறக்குறைய 1400 கி.மீ., அதாவது கிட்டத்தட்டச் சென்னையின் தொலைவே. ஆயினும் நேரடி விமானம் இல்லாதவரை, மலேசியாவில் உறவினருள்ள தீவுத்தமிழர் ஒருவர் முதலில் 1370 கி.மீ. மேற்கே சென்னைக்கு வந்து, அங்கிருந்து ஏறக்குறைய 2630 கி.மீ. கிழக்கே பறந்தாக வேண்டியிருந்தது, 1400 கி.மீ. தொலைவிலுள்ள ஊருக்கு 4000 கி.மீ. பயணம். 2024 நவம்பரில் ஏர்ஏசியா நிறுவனம் கோலாலம்பூரிலிருந்து போர்ட் பிளேருக்கு நேரடிச் சேவையைத் தொடங்கியபோதுதான் பன்னாட்டு நிலையம் என்ற பெயர் அதற்கு நடைமுறையிலும் பொருந்தியது.

செய்திக்கும் இதே கதைதான். 2020 ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னைக்கும் தீவுகளுக்கும் இடையிலான சுமார் 2300 கி.மீ. நீளக் கடலடி ஒளியிழைக் கம்பிவடம் தொடங்கிவைக்கப்படும் வரை, தீவுகளின் தொலைபேசியும் இணையமும் பெரும்பாலும் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்கும் குரல், 1370 கி.மீ. அப்பாலுள்ள சென்னையை அடைய 72,000 கி.மீ. கடந்தது, கால் விநாடி தாமதம் பேசுவோர் செவிக்குப் புலப்பட்டது. கம்பிவடத்தில் அது ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இறுதியாகக் கப்பல். பதினோராம் நூற்றாண்டில் முதலாம் இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பைக் கூறும் தஞ்சைக் கல்வெட்டு, வெல்லப்பட்ட இடங்களுள் மாநக்கவாரத்தையும் எண்ணுகிறது. நிக்கோபாரே அது என்பது வரலாற்றாசிரியர்களின் முடிபு. பிற்காலத்தில் காலாபானி என்று அஞ்சப்பட்ட தண்டனைத்தீவுக்குக் கைதிகளைச் சுமந்து சென்ற எஸ்.எஸ். மகாராஜா என்னும் நீராவிக் கப்பலிலேயே 1911இல் சாவர்க்கரும் கொண்டுசெல்லப்பட்டார். இன்றும் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து மாதத்தில் சில முறை பயணிகள் கப்பல்கள் செல்கின்றன. சென்னையிலிருந்து பயண நேரம் ஏறக்குறைய 60 மணி என்று கூறப்படுகிறது. விமானச் சீட்டின் விலை ஏறும் விடுமுறைக் காலங்களில் குடும்பத்தோடும் மூட்டைமுடிச்சுகளோடும் ஊர் திரும்புவோர்க்கு இன்றும் கப்பலே துணை.

கடல்வழித் தொலைவைப் பற்றி அச்சில் வழங்கும் எண்கள் ஆய்வுக்குரியவை. தீவுகளைப் பற்றிய கைநூல்களிலும் சுற்றுலா வழிகாட்டிகளிலும் போர்ட் பிளேருக்குக் கடல்வழியே சென்னை 1190 கி.மீ., விசாகப்பட்டினம் 1200 கி.மீ., கொல்கத்தா 1255 கி.மீ. என்று திரும்பத் திரும்பக் காணப்படுகிறது. சென்னைத் துறைமுகத்துக்கும் போர்ட் பிளேர்த் துறைமுகத்துக்கும் இடையே பெருவட்டத் தொலைவே 1360 கி.மீ. அளவு. பூமியின் பரப்பில் அதைவிடக் குறுகிய வழி இருக்க முடியாது. போதாக்குறைக்குத் துறைமுகம் தெற்கு அந்தமானின் கிழக்குக் கரையில் அமைந்திருப்பதால், மேற்கிலிருந்து வரும் கப்பல் தீவைச் சுற்றிக்கொண்டே உள்ளே வர வேண்டும். கொல்கத்தாவுக்கும் இதே கேள்வி எழுகிறது: விமானத்துக்கே 1306 கி.மீ. ஆகும்போது, ஹூக்ளி ஆற்றின் வளைவுகளில் 200 கி.மீ.க்கு மேல் ஊர்ந்த பின்னரே கடலைக் காணும் கப்பலுக்கு 1255 கி.மீ. எவ்வாறு போதும்?

விளக்கம் மைல் என்னும் அளவில் இருப்பதாகக் கருத இடமிருக்கிறது. மாலுமிகளும் விமானிகளும் பயன்படுத்தும் கடல் மைல், அகலாங்கில் ஒரு கலையின், அதாவது பாகையில் அறுபதில் ஒரு பங்கின், நீளத்தை ஒட்டி வகுக்கப்பட்டது, அது 1.852 கி.மீ. தரையில் வழங்கிய பழைய மைலோ 1.609 கி.மீ. மட்டுமே. 1190 கிலோமீட்டரைத் தரை மைலாகத் திருப்பினால் 740 கிடைக்கிறது. 740 கடல் மைல் என்பது 1370 கி.மீ., சென்னைக் கப்பலுக்கு நம்பத்தக்க தொலைவு. 1255 கிலோமீட்டர் அவ்வாறே 780 மைல் ஆகிறது. 780 கடல் மைல் 1445 கி.மீ. அளவு, ஆற்றுவழியையும் சேர்த்தால் கொல்கத்தாவுக்குப் பொருந்தக்கூடியது. கடல் மைலில் எழுதப்பட்டிருந்த பழைய பட்டியலை மெட்ரிக் முறைக்கு மாற்றியவர், அதனைத் தரை மைல் எனக் கொண்டு பெருக்கியிருக்கக்கூடும். விசாகப்பட்டினத்துக்குரிய 1200 கி.மீ. மட்டும் இந்த விளக்கத்துக்குள் அடங்கவில்லை. அது நேர்த்தொலைவான 1217 கிலோமீட்டரையே ஒட்டி நிற்கிறது. விளைவாக, தீவுகளுக்கு மிக அருகிலுள்ள துறைமுகம் சென்னையே என்று அப்பட்டியல் சொல்கிறது. உண்மையில் விசாகப்பட்டினம் 140 கி.மீ. அளவு அருகில் இருக்கிறது. 60 மணி நேரத்தில் 740 கடல் மைல் என்றால் கப்பலின் சராசரி வேகம் மணிக்கு 12 கடல் மைலுக்குச் சற்று மேல். பயணிகள் கப்பலுக்கு அது இயல்பான வேகம் என்பதும் இக்கருத்துக்குத் துணை நிற்கிறது.

பாடநூல் எழுதுவோரும் போட்டித் தேர்வுகளுக்குக் கைநூல் தொகுப்போரும் 1190 என்னும் எண்ணை இனி அச்சிடாமல், சென்னைக்கும் ஸ்ரீ விஜயபுரத்துக்கும் வான்வழித் தொலைவு ஏறக்குறைய 1370 கி.மீ. என்றும், கடல்வழித் தொலைவைக் கடல் மைல் என்ற அளவின் பெயரோடும் குறிப்பிட வேண்டும். தீவுகளின் ஊர்ப்பட்டியலில் குட்வில் எஸ்டேட் போன்ற ஊர்களுக்கு, நேர்த்தொலைவோடு, விமான நிலையத்தை அடைய ஆகும் சாலை நேரத்தையும் ஃபெர்ரி நேரத்தையும் சேர்த்துத் தருமாறு தீவு நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.